இருட்டுக் கடைக்காரி

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில், பிளாசாவின் பார்க்கிங் லொட்டில், தலையில் வெள்ளைத் துணித் தொப்பியைக் கட்டிக்கொண்டு, நானூறு வருடத்துக்கு முந்தைய லண்டன் துணிக்கடைக்காரன் ஒருவனின் பெண்சாதியாக நடித்தேன் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்துதான் மிச்சத்தைச் சொல்வேன். மிச்சத்தைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடுகிறது.

என் கடை ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில், பெரிய வீதியோரமாகக் கடைகள் வரிசையாக உள்ள ஒரு பிளாசாவில் இருபத்திரண்டு வருடம் இருந்தது. சேலை, வேட்டி, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, பின்னறையில் பிளவுஸ் தைக்க ஒரு மெஷின். கடை என் பெயரில். என் வீட்டுக்காரர் ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு பாக்டரியில் வேலை செய்கிறார். பெட்டி இறக்க ஆள் தேவைப்பட்டால்தான் கடைப்பக்கம் வருவார். பக்கத்துக் கதவு பலசரக்குக் கடை. அதை நடத்துகிற அண்ணைதான் எங்கள் கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவர். சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒன்பது கடை, ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான்.

ஒரு வசந்த காலத்தில் பிளாசா கைமாறியது. வாசலில் நகரசபையின் அறிவித்தல் பலகையை நட்டார்கள். அதில் இரண்டு கோபுரங்களின் படம், அடியில் எறும்பு மாதிரி மனிதர்கள். அந்த எறும்புகளில் ஒருவர்கூடச் சேலை கட்டியிருக்கவில்லை என்று பார்த்தவுடனேயே கவனித்தேன். கட்டப்போகிற கம்பனியிடம் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. புதுக் கட்டடம் எழும்பிய பிறகு கீழ்த் தளத்தில் எங்கள் ஒன்பது கடைகளுக்கும் இடம் தருவோம் என்று எழுத்தில் ஒரு வரி. விண்ணப்பம் நகரசபைக்குப் போகும்போது அந்த வரியும் அதோடு போகவேண்டும். கம்பனியின் சார்பில் வந்த மனிதர் நல்ல மரியாதைக்காரர். ஒவ்வொரு முறையும் எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, "நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவார். கேட்டார்தான். வரி மட்டும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் நாடகக்காரி வந்தாள். பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில நாடகம் படிப்பிக்கிறவள். இங்கே மல்வேர்னில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் கண்ணாடி அலுமாரியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"அன்ரி, நான் ஒரு பிளே டைரக்ட் பண்ணப்போறன். இந்த பார்க்கிங் லொட்டிலயே. நடிக்கப்போறது கடைக்காரர் நீங்கள்தான்."

"எங்களுக்கேன் பிள்ளை உந்த வேலை?"

"லண்டன் அப்ப இப்பிடித்தான் மாறிக்கொண்டிருந்தது அன்ரி. புதுக் கடையள், புதுக் காசு, வெளியூர் ஆக்கள். எல்லாருக்கும் பயம். அந்தப் பயத்தைத்தான் பகிடியாக்கி மேடையில போட்டவை. யூ ஆர் லிவிங் இட்!"

செலவை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். கம்பனிக்காரர் கலைக்கென்று கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் ஸ்கிரிப்டில் கை வைக்க மாட்டார்கள் என்றாள். அதைச் சொன்ன விதத்தில் கள்ளம் இல்லை. அவள் கள்ளமுள்ளவள் இல்லை என்பதை இப்போதே எழுதிவைக்கிறேன், பிறகு எழுத மனம் வராது.

அண்ணைக்குச் சந்தோஷம். நாடகம் என்றால் சனம் வரும், ஆங்கிலப் பத்திரிகைக்காரர் வருவார்கள், நகரசபை உறுப்பினர் வருவார், கடைகள் நிறைந்திருப்பதைக் கண்ணால் காண்பார்கள் என்றார். எனக்கும் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக எடுத்தவள் நான். பரீட்சை நடக்கவேண்டிய மாதத்தில் நாங்கள் வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். பிறகு அந்தப் பாடத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை ஸ்கிரிப்டைக் கையில் தந்தபோது தாளின் வாசமே பிடித்துப்போயிற்று.

நாடகம் மூன்று நான்கு பழைய நாடகங்களில் இருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது. கதை சின்னது. தகப்பன் செத்து நிலபுலம் கைக்கு வந்த இளைஞன் ஒருவன் லண்டனுக்கு வருகிறான். துணிக்கடைக்காரன் அவனை ஏமாற்றி நிலத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கப் பார்க்கிறான். கடைக்காரனுக்குத் தானும் பெரிய மனிதனாக வேண்டும் என்ற ஆசை. அதற்காகத் தன் பெண்சாதியைக் கடை முகப்பில் இருத்தி ஆட்களை உள்ளே இழுக்கிறான். கடைசியில் இளைஞன் கடைக்காரனை மடையனாக்கி நிலத்தை மீட்டுக்கொண்டு போகிறான். அண்ணை கடைக்காரன், நான் பெண்சாதி, இளைஞனாக அவளுடைய மாணவன் ஒருவன்.

அதில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிற கட்டம் ஒன்று உண்டு, இருட்டுக் கடைக் கட்டம். அந்தக் காலத்து லண்டன் துணிக்கடைக்காரர் ஜன்னல்களை மறைத்துக் கடையை வேண்டுமென்றே இருட்டாக வைத்திருப்பார்களாம், துணியின் பழுதும் சாயத்தின் குறையும் தெரியாமல் இருக்க. உண்மையோ பொய்யோ, அந்த நாடகங்களில் அது திரும்பத் திரும்ப வருகிற பகிடி என்று அவள் சொன்னாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் கடையில் நடப்பது நேர்மாறு என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்குள் எத்தனை லைட் போட்டாலும் சேலையின் நிறத்தை நம்பமாட்டார்கள். "ஒருக்கா வெளிச்சத்தில பாத்திட்டு வாறன்" என்று மடிப்பைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிடுவார்கள். அதில் பிழையும் இல்லை. ரியூப் லைட்டுக்குக் கீழே அரக்கு கறுப்பாகத் தெரியும், மயில் நீலம் பச்சையாகிவிடும். கல்யாணக் கூறைச் சேலை என்றால் பெண், தாய், மாமி, சித்தி என்று ஐந்து பேராவது வெளியே போவார்கள். மாசி மாதத்துப் பனியில், கரை ஊத்தையாகாமல் இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தாடையில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கார்களுக்கு நடுவே பட்டு மின்னும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அடுத்த சேலையை மடித்துக்கொண்டிருப்பேன். பின்னால் போனதே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சேலைகூடக் காரில் ஏறிப் போகவில்லை. அவர்களும் திரும்பி வந்து சேலையை மேசையில் போட்டு, வேண்டும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். நம்பிக்கை என்றால் எனக்கு அதுதான்.

அவள் கண் அகல விரிந்தது.

"ஓ மை கோட், அன்ரி. இதை நான் எடுக்கலாமோ?"

எடுத்துக்கொள் என்று சொன்னேன். அடுத்த ஒத்திகையில் எடுத்ததைக் காட்டினாள். வாங்க வந்த பெண் சேலையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடுகிறாள். கடைக்காரனின் பெண்சாதி பதறியடித்துப் பின்னால் ஓடி, முந்தானையைப் பிடித்து அவளைத் திரும்ப இருட்டுக்குள் இழுக்கிறாள். மூன்று முறை ஓட்டம், மூன்று முறை இழுவை. மூன்றாம் முறை சேலை கிழிகிறது. கிழிந்த துண்டுக்கும் நான் விலை சொல்ல வேண்டும்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஒத்திகை முடியும்வரை பொறுத்திருந்து அவளைக் கடைக்குள் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இந்த நாடகத்தில கடைக்காரன் கள்ளன், பெண்சாதி ஆசை பிடிச்சவள். காணிக்காரன் மட்டும் நல்லவன். ஏன் அப்பிடி?"

"அது அந்தக் காலத்து ஆட்டிட்யூட் அன்ரி. நிலம் வைச்சிருந்தவைக்கு வியாபாரியள் மேல வாறது பிடிக்கேல்லை. நாங்கள் அதை ஐரோனிக்கா, குத்திக் காட்டத்தான் செய்யிறம்."

"பாக்கிறவைக்கு உது விளங்குமோ?"

"விளங்கும் அன்ரி."

"என்னெண்டு விளங்கும்? கடைக்காரனாய் நடிக்கிறதே கடைக்காரன்தானே. நான் என்ரை கடைச் சேலையோடை நிண்டு என்ரை கடை வாசலில கள்ளியாய் நடிக்கிறன். உதில எங்கை வேஷம் கிடக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, ஒரு கதை சொன்னாள். அந்தக் காலத்தில் லண்டனில் பிரபு ஒருவர் பெரிய மாளிகை மாதிரி ஒரு கட்டடம் எழுப்பி அதற்குள் வரிசை வரிசையாகக் கடைகள் வைத்தாராம். பழைய கடைத்தெருக்காரர் தங்கள் வியாபாரம் போய்விடும் என்று முறையிட்டார்களாம். திறப்பு விழாவுக்கு ராசா வந்தபோது அதற்கென்றே ஒரு சின்ன நாடகம் எழுதுவித்தார்களாம். கடைக்காரன் ஒருவன் சாமான்களைக் காட்டிப் பகிடி விடுகிற நாடகம். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. அவளுக்கு இது பிடித்த பகுதி என்று தெரிந்தது.

"எழுதினவருக்கு ஆர் காசு குடுத்தது?"

"கட்டடம் கட்டினவர்தான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. வெளியே மேடைக்குப் பலகை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கைபேசியைப் பார்த்து, தன் பிள்ளையை டே கெயாரில் இருந்து எடுக்க நேரமாகிவிட்டது என்று எழும்பினாள்.

நான் நடிக்கமாட்டேன் என்று அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் வெண்டிக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒரு நாள் கூத்து. பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டிட்டுப் போவம். இப்ப நாங்கள் முகத்தை முறிச்சால் அந்த வரி வராது. வரியை வாங்கிப்போட்டுப் பிறகு ரோசத்தைப் பாப்பம்."

"வராட்டி?"

"வரும். அந்தாள் நல்ல மனிசன். நீ ஒண்டு செய், அண்டைக்கு ஒரு பொன்னாடை கொண்டு வா. நல்லதாய்ப் பாத்து எடு."

எடுத்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. விழாக்களுக்கென்று வாங்குகிற மலிவுச் சால்வைகள் பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றை விட்டுவிட்டு, கல்யாண வீட்டுச் சம்பந்திகளுக்கு என்று வைத்திருந்த நல்ல சரிகைச் சால்வையை எடுத்து, மடிப்புக் கலையாமல் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரிக்கு நல்லதைக் கொடுத்தால்தான் மனம் ஆறும். அது என் குணம்.

நாடகம் ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்தது. நல்ல வெயில், நல்ல சனம். முன்வரிசையில் கம்பனி மனிதர், அவருடைய மனைவி, படம் எடுக்க இரண்டு பேர். இருட்டுக் கடைக் கட்டம் வந்தது. நான் ஓடினேன், இழுத்தேன், கிழித்தேன், விலை சொன்னேன். முன்வரிசைக்காரர் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்வரிசைகளில் என்னிடம் கூறை வாங்கிய பெண்கள் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள், ஆனால் என் கண்ணைப் பார்க்காமல் சிரித்தார்கள். ஒருத்தி தன் மகளின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் தெரியாது. நல்லதாக இருந்திராது என்றுதான் மனம் சொல்கிறது.

முடிந்ததும் எங்கள் வழக்கப்படி நன்றியுரை, றோல்ஸ், தேத்தண்ணி. அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்துக் கம்பனி மனிதரை மேடைக்கு அழைத்தார். வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாது. எங்கள் ஆட்கள் வந்தவன் எவன் என்று பார்ப்பதில்லை, வந்தவனுக்குப் போர்த்துவார்கள். மேடை ஏறியவர் யாராக இருந்தாலும் தோளில் ஒரு பொன்னாடை விழாமல் இறங்க முடியாது. அரசியல்வாதிக்கும் போர்ப்போம், பாட்டுக்காரருக்கும் போர்ப்போம், நன்கொடை தருவதாகச் சொல்லித் தராமல் விட்டவருக்கும் போர்ப்போம். அண்ணை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தொப்பியோடு போய், சால்வையை விரித்து, இரண்டு கையாலும் அவருடைய தோளில் போர்த்தினேன். உயரமான மனிதர், எனக்காகக் குனிந்து கொடுத்தார். கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். சிரிக்கச் சொன்னார்கள்.

அவர் சால்வையைத் தடவிப் பார்த்து, "இது எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மிக உயர்ந்த கௌரவம்" என்றார் அண்ணை, எங்கள் எல்லாருக்கும் சேர்த்து.

நகரசபைக் கூட்டம் இலையுதிர் காலத்தில் ஒரு வேலை நாள் காலை நடந்தது. ஒன்பது கடைக்காரரில் ஆறு பேர் கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். பேச எங்கள் பக்கத்தில் ஐந்து நிமிடம். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். இரண்டு கிழமை எழுதி எழுதி வைத்திருந்தேன். ஆனால் எங்களுக்கு முன் கம்பனி மனிதர் பேசினார். திரையில் கோபுரங்கள் வந்தன, மரங்கள் வந்தன, எறும்புகள் வந்தார்கள். பிறகு நான் வந்தேன். சுவர் முழுக்க நான். வெள்ளைத் தொப்பியோடு, பல்லெல்லாம் தெரிய, அந்த மனிதரின் தோளில் சால்வை போர்த்துகிற நான். கடைக்காரர்களோடு கோடை முழுவதும் சேர்ந்து வேலை செய்ததாகவும், முடிவில் அவர்கள் தங்கள் சமூகத்தின் மிக உயர்ந்த கௌரவத்தைத் தனக்கு அளித்ததாகவும் அவர் சொன்னார். குரலில் உண்மையாகவே நெகிழ்ச்சி இருந்தது. அந்த நெகிழ்ச்சிக்காகவே அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் முறை வந்தது. எழுந்து போய் அந்த வரியைப் பற்றிப் பேசினேன். கடைகளைப் பற்றியும் எங்கள் வருடங்களைப் பற்றியும் சொன்னேன். முடித்ததும் உறுப்பினர்களில் ஒரு பெண்மணி, முகத்தில் நல்ல கனிவோடு, ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் படத்தில் இருப்பது நீங்கள்தானே?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் ஆம் என்றேன். அது ஆதரவு அல்ல, எங்கள் பழக்கம், வருகிற எல்லாருக்கும் நாங்கள் அதைச் செய்வோம் என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. எல்லாருக்கும் செய்வோம் என்றால் மரியாதை பொய், இவருக்கு மட்டும்தான் செய்தோம் என்றால் ஆதரவு உண்மை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நான் சால்வையோடு நிற்கிறேன். மணி அடித்தது. அந்தப் பெண்மணி நன்றி சொன்னார். விண்ணப்பம் நிறைவேறியது. எங்கள் வரி அதில் இல்லை. அது காணிக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையில் பேசித் தீர்க்க வேண்டியது என்றார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணை என் பக்கத்தில் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "பொன்னாடை நான்தான் கொண்டு வரச் சொன்னனான் தங்கச்சி" என்றார். "ஓம், நீங்கள்தான்" என்றேன். வேறு யாராவது என்றால் பரவாயில்லை அண்ணை என்று சொல்லியிருப்பார்கள். எனக்குப் பரவாயில்லை என்று வரவில்லை. இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை, பக்கத்துக் கதவாக இருந்தும்.

கடைகளை மார்ச் முடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. வேறு இடம் தேடினேன். கேட்கிற வாடகைக்கு நான் சேலை விற்க முடியாது, தங்கம்தான் விற்கவேண்டும். கடை மூடுகிறோம், கழிவு விலை என்று எழுதி ஒட்டினேன். வருகிறவர்கள் அப்போதும் சேலையை வெளியே எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். ஒன்றிரண்டு பேர் வாசலில் நின்று, "அன்ரி, இழுத்துப்போடாதேங்கோ" என்று பகிடி விட்டார்கள். பகிடிதான். நானும் பல்லைக் காட்டினேன். அவர்கள் போன பிறகு மெஷின் அறைக்குள் போய் இருந்து அழுதேன்.

அந்த மார்ச் மாதத்தில்தான் அழைப்பு வந்தது. நாடகக்காரி தன் நாடகத்தைப் பல்கலைக்கழக அரங்கில் திரும்பப் போடுகிறாள், இந்த முறை மாணவர்கள் நடிக்கிறார்கள், கடைக்காரர் நாங்கள் கௌரவ விருந்தினர். சனிக்கிழமை இரண்டு மணிக் காட்சி. போவதில்லை என்றுதான் இருந்தேன். அண்ணை கடைக்குள் வந்து, ரிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். அவரும் கடையைக் கொடுக்கப்போகிறவர்தானே. அவருக்காகப் போனேன். பொய், எனக்காகவும்தான் போனேன். என் வேடத்தில் யார் நிற்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

நல்ல அரங்கு, மெத்தைக் கதிரை. இப்போது கதை லண்டனில் இல்லை, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில். கடைக்காரன் எங்கள் ஆட்கள் பேசுகிற மாதிரி ஆங்கிலம் பேசினான். அதற்கே சிரிப்பு. என் வேடத்தில் இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி, எங்கள் கடையில் வாங்கிய மாம்பழ நிறச் சேலையில். நன்றாக நடித்தாள், அதை மறுக்க முடியாது. இருட்டுக் கடைக் கட்டம் வந்தது. விளக்குகளை மங்கலாக்கினார்கள். வாங்க வந்தவள் சேலையோடு ஓடினாள். இவள் பின்னால் ஓடி முந்தானையைப் பிடித்தாள்.

நான் எழும்பிவிட்டேன். எழும்ப வேண்டும் என்று யோசிக்கவில்லை, கால் தானாக எழும்பியது.

"விடடி அவளை!" என்று கத்தினேன். "அந்தக் கடையில ஒரு நாளும் இருட்டு இருந்ததில்லை! நான் ஆருக்குப் பின்னால ஓடினனான்? ஆரை இழுத்தனான்?"

அண்ணை என் கையைப் பிடித்து, "இரு தங்கச்சி" என்றார். உதறினேன். தமிழில் சொன்னால் யாருக்கு விளங்கும் என்று ஆங்கிலத்துக்கு மாறினேன். நிலத்துக்குச் சொந்தக்காரன் எங்கே என்று கேட்டேன். நானூறு வருடமாகக் கடைக்காரனை மேடையில் ஏற்றிச் சிரிக்கிறீர்கள், காணிக்காரனை ஒரு நாளாவது ஏற்றிச் சிரித்தீர்களா, அவன் எங்கே இருக்கிறான், முன்வரிசையிலா என்று கேட்டேன். இலையுதிர் காலத்தில் அந்த ஐந்து நிமிடத்தில் வராத ஆங்கிலம் எல்லாம் அப்போது வந்தது.

மேலே விளக்கு இயக்கும் அறையில் இருந்தவர் என்ன நினைத்தாரோ, ஒரு வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி நேரே என் மேல் விழுத்தினார். மேடையில் இருந்த பெண் முந்தானையை விட்டுவிட்டு எனக்கு முன் மண்டியிட்டுத் தலை குனிந்தாள். அரங்கு முழுவதும் கைதட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என் தோளில் மெதுவாகத் தட்டி, "அற்புதம்" என்றார். நான் பேசியதை ஒருவர்கூடப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் இன்னும் கத்தினேன். இன்னும் தட்டினார்கள். கடைசியில் கதிரையில் இருந்துவிட்டேன்.

காட்சி முடிந்து கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போகும்போது அவள் ஓடி வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, ஐ ஆம் சொறி, அப்பிடி ஒரு கோவம் உங்களிட்டை இருக்கெண்டு எனக்குத் தெரியாது. பட் அது... அதுதான் அன்ரி இந்தப் பிளேயில இல்லாமல் இருந்தது. நாளைக்கும் இதே நேரம் ஷோ இருக்கு. வந்து இதே மாதிரி எழும்புவீங்களோ?"

"நாளைக்குக் கடை காலி பண்ணுறன் பிள்ளை. அலுமாரி கழட்ட ஆக்கள் வருகினம்."

அவள் தலையை ஆட்டினாள். உண்மையான கவலையோடுதான் ஆட்டினாள். என் கையையும் விடவில்லை.

"எத்தினை மணிக்கு அன்ரி? ஷோ ரெண்டு மணிக்குத்தானே" என்று கேட்டாள்.